லேடாங் மலைக்கு அம்மா வந்தது

லேடாங் மலைக்குப் போக நேற்று நண்பர்களோடு திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். தணலில் வாட்டிய வாழையிலையின் மணம் என்னைக் காஜா பெராங்கில் இருந்த எங்கள் பழைய வீட்டு அடுப்படிக்கு இழுத்துப் போய்விட்டது.

சிறுவயதில் ஒரு மாலை, அங்கே அப்பா, அம்மா, நான் இருந்தோம். அக்கா இல்லை, செமாபோக்கில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த புதிது. விடிந்தால் மலைக்குப் பயணம். அம்மா இலை வாட்டிக்கொண்டிருந்தாள். கோயிலுக்கும் துக்க வீட்டுக்கும் தவிர அவள் எங்கும் போனதில்லை. மலை என்றால் முருகன் இருப்பார் என்று நம்பி, வாரம் முழுக்க வீட்டில் சைவம்தான்.

"மேல போக எத்தனை படிடா?" என்று கேட்டாள். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

"படி இல்லம்மா. கோயிலும் இல்ல. காடு இருக்கு, அருவி இருக்கு."

சொன்ன பிறகுதான், வராமல் இருந்துவிடுவாளோ என்று பயம் வந்தது.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "அப்ப எதுக்குங்க போறோம்?"

"சும்மா ஜாலான் ஜாலான்தான், சுத்திப் பாக்கத்தான். நீயும் ஒரு தடவ வந்து பாரேன்," என்றார் அப்பா. "வாரம் பூரா கத்திரிக்காய் தின்னதுதான் வீணாப் போச்சு."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு இலையைத் திருப்பிப் போட்டாள். "முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? போய் நெத்திலி வாங்கிட்டு வாங்க, சம்பல் வைக்கணும்."

மறுநாள் அருவியில் முழங்கால் நனைய நின்றவள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அப்பா கூப்பிட்டும் கரையேறவில்லை.

இந்தமுறை செலவு எவ்வளவு ஆகும் என்று பொட்டலம் பிரித்த நண்பர் கேட்டார். சும்மா பார்ப்பதற்கென்று எங்கள் குடும்பம் முதன்முதலில் செலவழித்தது, பஸ்ஸும் நெத்திலியும் சேர்த்து, ஆறு வெள்ளி நாற்பது காசு.