கடலைப் பார்த்த நட்சத்திரம்

தக்கலை வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குச் சிவப்புத் தாள் ஒட்ட மகள் மைதாப் பசை காய்ச்சினாள். அந்த வாடையில், முட்டத்துக்குப் பக்கத்தில் கடல் கொண்டுபோன எங்கள் வீடு திரும்பி வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம் பிறந்ததும் தெருவெங்கும் மூங்கில் சீவும் சத்தம் கேட்கும், எல்லா வீட்டு நட்சத்திரமும் மாதா கோயிலைப் பார்த்து வாசலில் ஏறும். அப்பா கட்டுமரத்தில் போய்த் திரும்பாத வருடத்திலிருந்து அம்மா மட்டும், உப்புக்காற்று கிழிக்கக் கிழிக்கத் தாளை ஒட்டி, எங்களுடையதைப் புறவாசலில் கடலைப் பார்த்துக் கட்டினாள்.

"ஏட்டி, பொறத்த கெட்டுனா யாரு பாக்கப் போறா?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டாள்.

"பாக்க வேண்டிய ஆளு அங்கதானே இருக்காரு," என்றாள் அம்மா.

பிறகு ஒரு மழைக்காலத்தில் கடல் அந்தப் புறவாசலைத் தின்றது, அடுத்து அடுக்களையை, கடைசியில் தெருவையே; இன்று அங்கே பாறாங்கல் தடுப்பும் அலையும்தான். அம்மாவும் காத்திருந்தே போய்ச் சேர்ந்தாள்.

"எங்க கெட்டணும்மா?" என்று ஒட்டி முடித்த நட்சத்திரத்தோடு மகள் கேட்டாள்.

தெருவாசலைக் காட்ட மனம் வரவில்லை. கடல் இருக்கும் திசையில், பின்பக்கம் கட்டச் சொன்னேன். எதிரே பக்கத்து வீட்டுச் சுவர்தான் இருந்தது. விளக்கைப் போட்டதும் அது சிவந்தது.