சித்தியின் 'யாண்டர்'

மாமல்லபுரத்தில் சங்கு விற்பவர் முதல் இளநீர் வெட்டுபவர் வரை எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள். எல்லோருக்கும் ஒரே ஆங்கிலம். என் சித்தி மட்டும் வேறு ஆங்கிலம் பேசினாள். பழைய பேப்பர் கடையில் கிடைத்த, அட்டை கிழிந்த ஒரு வெள்ளைக்காரப் பயணப் புத்தகத்தை மனப்பாடம் செய்து கற்றுக்கொண்டது அது. அந்தப் புத்தகத்தில் தூரத்தில் இருப்பதெல்லாம் 'யாண்டர்' (yonder). மலை யாண்டர், கோபுரம் யாண்டர். எங்கள் வீட்டில் உப்பு டப்பாகூட யாண்டர்தான்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஊரிலேயே பெரிய மேதாவி. அப்பாவின் போனில் தேடிப் பார்த்துவிட்டு, அது இப்போது யாரும் பேசாத பழஞ்சொல் என்று சித்தியிடம் தீர்ப்புச் சொன்னேன். மறுநாள் அவளுக்குச் சோதனை. டிராவல்ஸ்காரர் ஒரு வெளிநாட்டுக் குழுவை அவளிடம் ஒப்படைத்துப் பார்ப்பார். தேறினால் கைடு வேலை. தேறாவிட்டால் அடுத்த மாதம் முதல் மறைமலைநகர் கம்பெனி வேலைக்குப் பஸ் ஏறியாக வேண்டும் என்று தாத்தா கறாராகச் சொல்லியிருந்தார்.

சித்தி அசரவில்லை. "இன்னாடி இப்போ? இங்க கீற கல்லெல்லாம் நேத்து செஞ்சதா? பழசப் பாக்கத்தான பஸ் பஸ்ஸா வந்துகினு கீறாங்க!"

மறுநாள் நானும் பின்னாலேயே போனேன். கடற்கரைக் கோயிலை நோக்கிக் கையை நீட்டி, ராணி மாதிரி அந்தச் சொல்லைச் சொன்னாள் சித்தி. வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு வயதான அம்மாள் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

நான் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன். "வேலை போச்சும்மா! சித்தி இங்கிலீஷ் கேட்டு ஒரு அம்மா அழுதுகினு கீது!"

சாயங்காலம் சித்தி கழுத்தில் கைடு அடையாள அட்டையோடு வந்தாள். அந்த அம்மாளின் கிராமத்தில் அவர் அம்மா அப்படித்தான் பேசுவாராம். அம்மா இறந்த பிறகு அந்தச் சொல்லை யார் வாயிலும் கேட்கவில்லையாம்.

"அதுக்குப் போய் ஏன் அழணும்?" என்றேன். சித்தி சிரித்தாள்.

பல வருடங்கள் கழித்து, வேலைக்காகப் போன ஒரு குளிர் தேசத்தில், ரயிலில் எனக்குப் பின்னாலிருந்து யாரோ போனில் பேசும் குரல் கேட்டது.

"வூட்டாண்ட வந்துகினு கீறேம்மா."

நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தது, போனது. அழுதபடி உட்கார்ந்திருந்தேன்.