சில்வியாவின் வருகை நோட்டு

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டு. அதன் வாசலில் கம்பிவலை போட்ட சின்ன அறைக்குள் உட்கார்ந்து பதினாறு வருடமாக கேட் பாஸ் எழுதுகிறவள் சில்வியா. பெட்டியில் இருக்கும் சீல் நம்பரும் காகிதத்தில் இருக்கும் நம்பரும் ஒத்துப்போக வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் லாரி நகராது. பின்னால் நாற்பது டிரெய்லர் நின்று ஹாரன் அடித்தாலும் சரி, மேனேஜரே போன் போட்டுக் கெஞ்சினாலும் சரி. டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘சீல் அக்கா’. முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்களும் உண்டு, அவை இங்கே வேண்டாம்.

இந்தக் குணத்தை யார்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் ராயபுரத்தில் அவளுக்கு இன்னும் நாலு சிநேகிதிகள் இருந்திருப்பார்கள். அவள் விடவில்லை. தெருவின் அன்பியத் தலைவியும் அவளேதான். முப்பது முப்பத்தைந்து கத்தோலிக்க வீடுகள் சேர்ந்தது ஓர் அன்பியம். மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லி, பைபிள் வாசித்து, டீயும் சுண்டலும் சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று சில்வியா ஒரு நீள நோட்டில் குறித்து வைப்பாள். வருடம் முழுக்க அந்த நோட்டை யாரும் சட்டை செய்வதில்லை. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் மட்டும் அதற்குத் திடீர் மவுசு. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கென்று கல்லூரி ஒதுக்கும் இடத்துக்குப் பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அவர் கடிதம் தர, அன்பியத் தலைவி படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தலைவி கையெழுத்துப் போட, பிள்ளை வருடத்தில் எட்டுக் கூட்டமாவது வந்திருக்க வேண்டும்.

போன வருடம் அடுத்த சந்து ரேச்சலின் மகன் ஜெபின் ஆறு கூட்டம்தான் வந்திருந்தான். ரேச்சல் காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை செய்கிறவள். எறா வரத்து அதிகமுள்ள நாட்களில் மகனையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

“ரெண்டு கூட்டந்தானக்கா, போட்டுடேன்” என்று வாசலில் நின்று கேட்டாள்.

சில்வியா நோட்டைத் திறந்து விரலால் எண்ணிக் காட்டினாள். “அவன் வரல, நான் இன்னா பண்ணட்டும்? உனுக்குப் போட்டா ஊருக்கே போடணும்.”

கடிதம் இல்லாமல் போன ஜெபினின் விண்ணப்பம் தேறவில்லை. அவன் இப்போது அம்மா வேலை பார்க்கும் அதே ஷெட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிறான். அதற்காகச் சில்வியா ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. ரூல் என்றால் ரூல்தானே.

இந்த வருடம் அவள் மகள் கீர்த்தியின் முறை. அக்கவுன்டன்சியில் எழுபத்திரண்டு என்று வந்ததும் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஜெபின் போன வருடம் கேட்ட அதே கல்லூரியில் பி.காம். இனி கிடைக்காது என்று முடிவு கட்டி, ஆன்லைனில் ஒப்புக்கு ஒரு விண்ணப்பம் போட்டு வைத்தார்கள். கடிதம்கூடக் கேட்கவில்லை. கீர்த்தி மட்டும் விடவில்லை. விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தாள். ஐந்து மதிப்பெண் கேள்விகள் மூன்றை, தாள் திருத்திய புண்ணியவான் கூட்டவே இல்லை. மறுகூட்டலுக்குப் போட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் புது மதிப்பெண் வந்தது, எண்பத்தேழு. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் கல்லூரியின் அறிவிப்பைப் பார்த்தார்கள். மதிப்பெண் மாறியவர்களும் கடிதம் பாக்கி உள்ளவர்களும் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் நேரில் வந்து கொடுக்க வேண்டும். அதற்குமேல் எதையும் வாங்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை யார்டுக்கு லீவு சொல்லிவிட்டு, எட்டரைக்கே மொஹ்சினின் நெட் சென்டரில் போய் நின்றாள் சில்வியா. திருத்திய மதிப்பெண் பட்டியலை பிரின்ட் எடுக்க வேண்டும். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“சர்வர் டவுனுக்கா. ஊரே இதுலதான் கீது” என்றான் மொஹ்சின்.

“மார்க்கைக் கூட்டத் தெரில, இதுல சர்வர் வேற!” என்று சில்வியா கத்தியதில் பக்கத்தில் ஆதார் திருத்த வந்தவர் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். பத்தே முக்காலுக்கு ஒரு பக்கம் வந்தது, எழுத்தே தெரியாமல் வெளுத்துப்போய். மறுபடி எடுத்து வெளியே வரும்போது பதினொன்றேகால்.

கோயில் அலுவலகத்தில் ஃபாதர் இருந்தார். படிவத்தில் தானே கையெழுத்துப் போட்டு, நோட்டையும் சேர்த்து நீட்டினாள் சில்வியா. அவர் படிவத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“தலைவி தன் பிள்ளைக்கே கையெழுத்துப் போடக் கூடாதேம்மா. துணைத் தலைவிதான் போடணும். இந்த ரூலைப் போன வருஷம் மீட்டிங்ல கொண்டுவரச் சொன்னதே நீங்கதானே?”

அவள்தான். சண்டை போட்டுக் கொண்டுவந்தாள். அன்று கைதட்டல்கூடக் கிடைத்தது.

“ஒரு மணிக்கு நான் ஒரு அடக்கத்துக்குப் போகணும். அதுக்குள்ள வந்துடுங்க” என்றார் ஃபாதர், வேறு படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்து.

துணைத் தலைவி ரேச்சல். ஜனவரியில் சீட்டுக் குலுக்கியபோது அவள் பெயர் வந்தது. ஜெபினுக்குக் கையெழுத்து மறுத்த நாளிலிருந்து இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

காசிமேடு போகும் ஷேர் ஆட்டோவில் கீர்த்தி நோட்டைப் பிரித்தாள். தன் பெயருக்கு நேரே எண்ணிப் பார்த்தாள். இன்னொரு முறை எண்ணினாள்.

“மா, அஞ்சுதாம்மா கீது.”

“தெரியும்.” தெரிந்தேதான் காலையில் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

“டியூஷனுக்குப் போடின்னு நீதான அனுப்புன? அப்ப நீயாவது டிக் போட்டிருக்கலாம்ல?”

“வராதவள வந்தான்னு எழுதச் சொல்றியா?” என்று எரிந்து விழுந்தாள் சில்வியா.

கீர்த்தி நோட்டை மூடினாள். “அவங்க எண்ணிப் பாத்தா?”

“பாப்பா. நானா இருந்தா பாப்பேன்.” சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மகளின் படிப்பு தான் எழுதிய நோட்டிலேயே மாட்டிக்கொண்டது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

ஷெட்டில் தரையெல்லாம் தண்ணீர். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து எறா உரித்துக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பெட்டியோடு வந்த ஜெபின் இவர்களைப் பார்த்து நின்றான், பிறகு அம்மாவைக் கூப்பிட்டான். ரேச்சல் எழுந்து வந்தாள். சில்வியா திக்கித் திணறி, மறுகூட்டல், மூன்று மணி, ஃபாதர் என்று எல்லாவற்றையும் கலந்துகட்டிச் சொல்லி முடித்தாள். படிவத்தையும் நோட்டையும் நீட்டினாள்.

ரேச்சல் விறைத்த விரல்களை முன்னால் கட்டியிருந்த ரெக்சின் துணியில் துடைத்தாள். “பேனா குடு” என்றாள். படிவத்தை மட்டும் வாங்கி, கவிழ்த்த பிளாஸ்டிக் டப் ஒன்றின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். ஈரத்தில் மை கொஞ்சம் பரவியது. நோட்டை அவள் தொடவே இல்லை.

அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். சில்வியாவால் முடியவில்லை. “அஞ்சு கூட்டந்தான் ரேச்சல் வந்துகீறா. எட்டு இல்ல.”

கீர்த்தி அம்மாவின் கையைக் கிள்ளினாள்.

“நான் கேட்டனா?” என்றாள் ரேச்சல். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். “ஒரு கையெழுத்துப் போட இவ்ளோ நேரந்தான்க்கா ஆவுது. ஓடு, டைமாவுது.”

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஃபாதர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, படிவத்தையும் சேர்த்துக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். ராஜாஜி சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. ஆட்டோவுக்குள் உட்கார்ந்து, வாழ்நாளில் முதல்முறையாக, சில்வியா டிரெய்லர்களைத் திட்டினாள். கல்லூரிக்குள் ஓடி, வரிசையில் நின்று, கவுன்ட்டருக்கு வரும்போது இரண்டு ஐம்பது.

உள்ளே இருந்த கிளார்க் புது மதிப்பெண்ணை கம்ப்யூட்டரில் ஏற்றினார். “எண்பத்தேழா? வந்துரும்மா. திங்கக்கிழமை லிஸ்ட் பாருங்க. பங்குக் கடிதம்?”

சில்வியா கவரை இரண்டு கையாலும் கொடுத்தாள். அவர் அதைப் பிரிக்கவில்லை. திரையில் ஒரு டிக் அடித்தார். காலடியில் இருந்த அட்டைப்பெட்டிக்குள் கவரைப் போட்டார். பெட்டியில் நூறு இருநூறு கவர்கள் ஒட்டியது ஒட்டியபடி கிடந்தன.

“பிரிச்சுப் பாக்கலியா சார்?”

“எதுக்கு? லெட்டர் இருந்தா டிக். இல்லன்னா இல்ல. இத்தனையும் உக்காந்து யாரு படிக்கிறது?”

“எட்டு கூட்டத்துக்கு வந்தவங்களுக்குத்தான சார் இந்த லெட்டரு?”

“அதெல்லாம் நாங்க கேக்கறதே இல்லையேம்மா” என்றார் அவர், அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே.

“போன வருஷமும் இப்படித்தானா?”

“நான் வந்து ஆறு வருஷம் ஆவுது. எப்பவும் இப்படித்தான். நெக்ஸ்ட்.”

கீர்த்தி வாசலிலேயே குதிக்க ஆரம்பித்துவிட்டாள். அப்பாவுக்குப் போன் போட்டு “வந்துரும்பா, வந்துரும்பா” என்று கத்தினாள். சில்வியா பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தாள். அந்தப் பெட்டியை உதைத்துக் கவிழ்த்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. இத்தனை வருடம் கோடு போட்டு, தேதி போட்டு எழுதிய நோட்டு மடியில் இருந்தது. அதைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

போன் அடித்தது. ரேச்சல். ஒரு வருடத்துக்குப் பிறகு அவளாக அழைக்கிறாள்.

“குடுத்துட்டியாக்கா?”

“குடுத்தாச்சு ரேச்சல். மூணுக்கு முன்னாடியே.”

“மை பரவிடுச்சே, ஒண்ணும் சொல்லலியே? லெட்டர பாத்தாங்களா?”

பதினாறு வருடத்தில் ஒரு பொய் நம்பர் எழுதாதவள் சில்வியா.

“பாத்தாங்க. பிரிச்சு, ஒவ்வொரு வரியா படிச்சுட்டுதான் வாங்குனாங்க.”



“அப்ப ரொம்ப ஸ்ட்ரிக்ட்டாத்தான் கீறாங்க” என்றாள் ரேச்சல். “நான்தான் உன்னத் தப்பா நெனச்சுகினு இருந்தேன். ஆறு கூட்டத்துக்கு நீ போட்டிருந்தாலும் அவன் எடுத்த மார்க்குக்குக் கெடச்சிருக்காது, இல்லக்கா?”

பஸ் வந்துவிட்டது என்று சொல்லி சில்வியா போனை வைத்தாள். பஸ் வரவில்லை.