வேற யாரைக் கேக்கலாம், அங்கிள்?

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து காபி போடப் போய்விடுகிற ஆள் நான். இப்போது நானே ஆரம்பிக்கிறேன், நீங்கள் எழுந்து போனாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன், கேட்டுவிட்டுப் போங்கள். என் குரல் ஏன் இப்படிக் கரகரக்கிறது என்று பார்க்காதீர்கள், தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு இப்படி ஆகிவிட்டது. தகர டப்பாவில் மணலைப் போட்டு ஆட்டுகிற மாதிரி இருக்கிறதாம், என் வீட்டுக்காரர் சொல்கிறார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் வரலாற்றுச் சங்கம் இருந்தது. சம்பளம் யாருக்கும் கிடையாது, எல்லாம் ஆசைக்குச் செய்கிற வேலை. ரயில்வே குவாட்டர்ஸில் வாழ்ந்தவர்களைத் தேடிப்போய், பேச வைத்து, கேசட்டில் பதிவு செய்வோம். போனில் பதிந்ததெல்லாம் போனோடு போய்விடும் என்பது தலைவர் தனபாலன் சாரின் கொள்கை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர், பிடித்தால் பிடித்த பிடிதான். ஒவ்வொரு பேட்டியின் முடிவிலும் நான் ஒரே கேள்வியைக் கேட்பேன், வேற யாரைக் கேக்கலாம் என்று. அவர்கள் ஒரு பெயர் சொல்வார்கள், அடுத்த ஞாயிறு அந்த வீட்டுக்குப் போவோம். சங்கம் ஓடியதே அந்தக் கேள்வியில்தான்.

பத்து வருஷத்துக்கு முன்பு அது முனியாண்டி அங்கிளிடம் வந்து நின்றுபோனது. ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். "எனக்கப்புறம் யாரும் இல்லமா, எல்லாம் போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டார். நானும் தனபாலன் சாரும் எதிரில் உட்கார்ந்து எங்கள் காதால் கேட்டது. கொஞ்ச நாளில் அவரும் போய்ச் சேர்ந்தார். அப்புறம் கூட்டத்துக்கு வருகிறவர்களும் குறைந்தார்கள். சிலர் தவறிவிட்டார்கள், சிலர் பிள்ளைகளோடு பூச்சோங், ஷா ஆலம் என்று போய்விட்டார்கள், ஒரு காலத்தில் மைக்குக்கு அடித்துக்கொண்டவர்கள் போனை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். கடைசியில் நாங்கள் இருவர்தான் மிச்சம்.

போன வருஷம் கட்டடத்தின் சொந்தக்காரர் மாடியைக் காலி செய்யச் சொன்னார். சரி, சங்கத்தைக் கலைத்துவிடுவோம் என்று முடிவு செய்தோம். கேசட்டுகளை எடுத்துக்கொள்ளச் சொல்லி எங்கெங்கோ கேட்டுப் பார்த்தோம், வைக்க இடமில்லை என்றார்கள். சனிக்கிழமை மத்தியானம் பழைய சாமான் லோரி வருவதாக ஏற்பாடு. அத்தனை பேருடைய குரலும் குப்பைக்குப் போகப்போகிறதே என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

லோரி வருவதற்குள் ஒருவர் குரலையாவது கேட்டுவிடலாம் என்று முனியாண்டி அங்கிளின் கேசட்டைப் போட்டேன். கடைசிக் கேள்வி வந்தது. "வேற யாரைக் கேக்கலாம், அங்கிள்?" அப்போதெல்லாம் என் குரல் கணீரென்று இருக்கும். பதில்தான் எங்களுக்கு மனப்பாடமாயிற்றே, தனபாலன் சார் அதைச் சொல்லிக்காட்ட வாயைத் திறந்தார், அதற்குள் கேசட்டில் அங்கிளே முந்திக்கொண்டார்.

"காப்பார்ல சரசு இருக்கும்மா. பவர் ஸ்டேஷன் போற ரோட்டுல, டயர் கடைக்குப் பின்னால, மஞ்ச கேட்டு வீடு. சீக்கிரம் போய்க் கேளு."

சார் பாய்ந்து வந்து நிறுத்தினார்.

"அன்னைக்கு இத சொல்லல லா, விமலா."

"சொல்லல சார்."

அப்புறம் கூப்பிடுகிறோம் என்று லோரிக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு என் காரில் கிளம்பினோம். நம்பினால் நம்புங்கள், பயத்தைவிட ஆசைதான் எனக்கு அதிகமாக இருந்தது. கிள்ளான் தாண்டும்வரை சார் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார், நாம்தான் மறந்திருப்போம், வயசாகவில்லையா என்று. காப்பாரில் டயர் கடையைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார். கடைக்குப் பின்னால் மஞ்சள் கேட், பெயின்ட்கூட இன்னும் மங்கவில்லை.

சரசு ஆன்டி ஒரு காலத்தில் குவாட்டர்ஸில் கல்யாணமாகாத ஆட்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டவராம். யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டார். முனியாண்டி அங்கிள் என்றோம். ஆன்டி முகத்தைச் சுருக்கினார்.

"அவருக்கு எப்படித் தெரியும்? அவர் உயிரோட இருந்தப்ப நான் தைப்பிங்ல இருந்தேனே. இந்த வீட்டையே மகன் போன தீபாவளிக்குத்தான் கட்டி முடிச்சான். அதுக்கு முன்ன இங்க வெறும் செம்பனை மரம்தான்."

ஆன்டி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இத்தனை வருஷமாக யாருமே தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தார் பாருங்கள், எந்த வீட்டில் யார் இருந்தார்கள், யாருக்கு உறைப்பு ஆகாது, யார் யாரைக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள் என்று, விளக்கு வைக்கும் நேரம்வரை ஓயவில்லை. கடைசியில் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். பெயர்மேல் பெயராகச் சொன்னார், போதாததற்குப் போனை எடுத்து அவரே ஒவ்வொருவரையும் கூப்பிட ஆரம்பித்தார்.

பிரிக்பீல்ட்ஸ் மாடி போய்விட்டது, அதை விடுங்கள். ஆன்டி கைகாட்டியவர்களில் ஒருவருடைய மகள் கிள்ளானில் தன் ஆபீஸுக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருக்கிறாள், கேசட்டெல்லாம் இப்போது அங்கே பத்திரமாக இருக்கிறது. போன ஞாயிறு மேருவில் ஒரு வீட்டுக்குப் போனோம், வேன் எடுக்கவேண்டிய அளவுக்கு ஆள். மைக்குக்கு மறுபடியும் சண்டை வருகிறது, எனக்கு அதைப் பார்க்க எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

ஒன்றுதான் பாக்கி. சார் பாய்ந்து நிறுத்தினாரே, அந்த இடத்திலிருந்து கேசட்டை மறுநாள் ஓடவிட்டோம். 'சீக்கிரம் போய்க் கேளு' என்று அங்கிள் சொன்னதும் ஒரு பெண் குரல் பதில் சொல்கிறது. "இன்னைக்கே போறோம், அங்கிள்." டேப் இழுத்துப்போய் அப்படிக் கேட்கிறது என்கிறார் சார். இருக்கலாம், ஆனாலும் அந்த இடம் வரும்போது இன்றைக்கும் நான் அறையைவிட்டு வெளியே போய்விடுகிறேன். கேசட் முழுக்க என் பழைய குரல்தான், கணீரென்று. அந்த ஒரு வரி மட்டும், இவ்வளவு நேரம் நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்களே, இந்தக் குரல்.