அகலத் திரையில் ஒரு கல்யாண வீடியோ

டி.வி.யில் படம் இழுபட்டுத் தெரிந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழைய படங்களெல்லாம் ஏறக்குறைய சதுரமாக எடுக்கப்பட்டவை. இப்போதைய டி.வி.யோ நல்ல அகலம். சதுரப் படத்தை அதில் ஒழுங்காகப் போட்டால் இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை விழும், விழத்தான் வேண்டும். பட்டை வேண்டாமென்று படத்தை இழுத்து நிரப்பினால் கதாநாயகியின் முகம் பூசணிக்காய் ஆகிவிடும். டி.வி. வாங்கிய நாளிலிருந்து இதை என் கணவரிடம் சொல்லித் தொண்டை வற்றிப்போனது. முழு டி.வி. வாங்கிவிட்டு முக்கால் டி.வி. பார்க்க முடியாது என்பது அவர் கட்சி. “சல்தா ஹை, இதெல்லாம் பரவால்ல” என்று ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்வார்.

போர்ட் பிளேரில் எங்கள் குவார்ட்டர்ஸ் முழுவதும் அவர் கட்சிதான். கறுப்புப் பட்டையைப் பார்த்தாலே டி.வி. கெட்டுவிட்டது என்று பதறுவார்கள். பழுது பார்க்க ஒரு சாமான் வேண்டுமென்றால் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும், பயப்படாமல் என்ன செய்வார்கள்? அதனால் டி.வி.யை மாட்ட வருகிறவரே படத்தை இழுத்து நிரப்பி வைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. போகமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அவர் வேலை பார்த்த ஆபீசிலேயே அம்மாவுக்கு வேலை கொடுத்தார்கள். தனியாளாக வளர்த்தாள். மகள் படித்து நிமிர வேண்டும் என்பதைத் தவிர அந்த அம்மாவுக்கு வேறு ஆசையே கிடையாது. சேர வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. “நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கக்கா” என்று என்னிடம் வந்து கண் கலங்கினாள். எனக்கும் மனசு கேட்கவில்லை, போனேன்.

அந்தப் பெண் என்னிடம் வாதாடவில்லை. பென் டிரைவைச் செருகி அம்மாவின் கல்யாண வீடியோவைப் போட்டாள். கல்யாண ஆல்பத்தை இந்த ஊர் ஈரம் எப்போதோ தின்றுவிட்டது. மிஞ்சியது இந்த வீடியோ மட்டும்தான். மணப்பெண் வரும் இடத்தில் நிறுத்தினாள்.

“பாருங்க ஆன்ட்டி. அம்மா எப்படி கொழுகொழுன்னு இருந்தாங்க. இப்ப பாருங்க, எலும்பு தெரியுது. நானும் போய்ட்டா யாரு பாப்பா?”

அம்மா எத்தனையோ முறை, நான் எப்போதும் இப்படித்தான் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். தன் மனசு நோகக் கூடாதென்று சொல்கிறாள் என்றே மகள் நினைத்திருக்கிறாள். கண்ணெதிரே வீடியோ இருக்கும்போது வாய்ப்பேச்சை யார் நம்புவார்கள்? வீட்டுக்கு வந்து வீடியோ பார்த்தவர்களும் சும்மா இருந்தார்களா! இந்தப் பெண்ணை வளர்த்தே ஆள் பாதியாகிவிட்டாள் என்று அவள் காதுபடவே உச்சுக்கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான் திரையைப் பார்த்தேன். மணப்பெண் கையிலிருந்த தாம்பாளம் உருளைக்கிழங்கு மாதிரி நீண்டு கிடந்தது. நெற்றிப் பொட்டும் அப்படியே. எனக்குக் கோபம் வந்தது. ரிமோட்டை வாங்கி, படத்தின் அளவை மாற்றும் பொத்தானை அழுத்தினேன். இரண்டு ஓரத்திலும் கறுப்பு விழுந்தது. நடுவில் குச்சி மாதிரி ஒரு மணப்பெண், கழுத்தெலும்பு தெரிய நின்றாள். பக்கத்தில் மாப்பிள்ளையும் ஒல்லிதான்.

“நீங்க நசுக்கிட்டீங்க ஆன்ட்டி” என்றாள் அந்தப் பெண்.

தாம்பாளத்தைப் பார் என்றேன். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். தாம்பாளம் வட்டமாக இருந்தது. ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி அவளே அகலமாக்கினாள், மறுபடி குறுக்கினாள், மறுபடி அகலமாக்கினாள். கடைசியில் குறுக்கி வைத்துவிட்டு ரிமோட்டைக் கீழே வைத்து, தரையில் உட்கார்ந்தாள். திரையில் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அம்மாவை. அதற்குள் அடுப்படியிலிருந்து அம்மாவும் வந்து கதவோரம் நின்றிருந்தாள்.

“அப்ப நீ என்னால எளைக்கலயாம்மா?”

இத்தனை வருஷமாக அந்தக் குழந்தை எதைச் சுமந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் புரிந்தது. அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“ஒன்னப் பெத்தப்புறம்தாண்டி எனக்குக் கொஞ்சமாவது சதை வச்சுது” என்றாள்.

மகள் அப்படியே முகத்தைப் புதைத்து வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சென்னைக் கப்பலுக்கு டிக்கெட் எப்போது கொடுப்பார்கள் என்று கேட்டாள்.