சத்தமில்லாத ஊரில் அப்பா

எங்கள் வீட்டில் சத்தம் கேட்டு யாரும் விழித்துக்கொண்டதில்லை. சத்தம் நின்றால்தான் விழித்துக்கொள்வோம்.

சோமனூர் பக்கம் தறி ஓடும் வீடுகளில் ஒன்று எங்களுடையது. வீட்டுச் சுவரும் தறிக்குடோன் சுவரும் ஒன்றே. அந்தப் பக்கம் விசைத்தறிகள் டடக்கு டடக்கு என்று ஓடிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் நான் பிறந்து, தவழ்ந்து, ஆனா ஆவன்னா எழுதிப் பழகினேன். எங்களுக்கு மெதுவாகப் பேச வராது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு, "பக்கத்துலதானே நிக்கறேன், ஏன் கண்ணு இப்படிக் கத்தறே?" என்பார். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிற சொந்தக்காரர்கள் பாதிக் காப்பியிலேயே தலைவலி என்று எழுந்துவிடுவார்கள். எங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டதே இல்லை.

ஆனால் கரண்ட் போய்விட்டால் எல்லாத் தறியும் ஒன்றாக நின்றுபோகும். அந்த நொடியில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்துவிடுவோம். கரண்ட் வந்து தறி ஓடத் தொடங்கிய பிறகுதான் மறுபடி கண் மூடும். தறி வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

அப்பா இதில் இன்னும் ஒரு படி மேலே. அவருக்கு எல்லாத் தறியும் நிற்க வேண்டியதில்லை. நூல் அறுந்து ஒரே ஒரு தறி நின்றால் போதும், சோற்றில் வைத்த கையோடு எழுந்து ஓடுவார். செருப்புக்கூடப் போடமாட்டார். போய் எட்டிப் பார்ப்பார், தறி ஓட்டுகிறவர்களை ஒரு வார்த்தை சொல்லமாட்டார், திரும்பி வந்து ஆறிப்போன சோற்றைச் சாப்பிடுவார். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இதை வைத்து அவரைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பார். "ஏனுங் மச்சான், ஒரு தறி அரை நிமிசம் நின்னா குடியா முழுகிப்போகும்?" அப்பா ஆறின சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார்.

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடை லீவில், அப்பா தறிக்குடோனில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். பிரஷர் எங்கேயோ ஏறிக் கிடந்தது. "எத்தனை நாளாத் தூக்கம் சரியில்லை?" என்று டாக்டர் கேட்டதற்கு, அப்பா விட்டத்தைப் பார்த்து யோசித்தார். அவர் யோசித்த நேரமே டாக்டருக்குப் போதுமானதாக இருந்தது.

"மாத்திரை பாதி, ஓய்வு பாதி," என்றார் டாக்டர். "சத்தமே இல்லாத இடமாப் பார்த்துப் போய் நல்லாத் தூங்குங்க. இந்தத் தடவை உட்கார்ந்தீங்க. அடுத்த தடவை விழுந்துடுவீங்க."

அம்மா அந்தக் கடைசி வாக்கியத்தைக் காதில் வாங்கி நெஞ்சில் வைத்துப் பூட்டிக்கொண்டாள். அப்பாவுக்கு நூல் கொடுக்கிற முதலாளிக்குக் கோத்தகிரியில் ஒரு பழைய பங்களா இருந்தது. மலைச்சரிவில் தனியாக, அக்கம்பக்கத்தில் ஒரு வீடுகூட இல்லாமல். அதைவிடச் சத்தமில்லாத இடம் கிடைக்காது என்று விசாரித்து உறுதி செய்துகொண்டாள். தறியை மாமா பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. "தறிய உட்டுப்போட்டு நான் எங்க போறது?" என்று அப்பா முனகியதை யாரும் சட்டை செய்யவில்லை.

அதுதான் எங்கள் குடும்பம் போன முதல் டூர். அம்மா அதற்குப் போருக்குப் போகிற மாதிரி தயாரானாள். அரிசி, பருப்பு, கொள்ளுப்பொடி, குக்கர் எல்லாம் காரில் ஏறின. அப்பாவின் செல்போன் ஒரு துணியில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் புதைக்கப்பட்டது. எனக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது: அப்பா எங்கே போய் போன் பேசினாலும் ஓடி வந்து சொல்ல வேண்டும். கூலி, ஊட்டியில் படகு சவாரி. நான் உடனே ஒப்புக்கொண்டேன்.

காரமடை வந்ததும் அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி, "பெருமாளக் கும்புட்டுப்போட்டுப் போலாம்," என்றார். தானாகச் சாமி பெயரை எடுக்காத மனிதர் இப்படிச் சொன்னதில் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பின்னாலேயே போனேன். கோயிலுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போன் தொங்கியது. அப்பா காசைப் போட்டு, "ஏழாம் நம்பர் தறி ஓடுதா? நல்லாப் பாத்துச் சொல்லு," என்று மாமாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். படகு சவாரியை நினைத்துக்கொண்டு அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அதன் பிறகு மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்வரை அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

கோத்தகிரியில் இறங்கியதும் எனக்குக் காது அடைத்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. சுண்டு விரலை விட்டுக் குடைந்து பார்த்தேன். காதில் ஒன்றுமில்லை. சத்தம்தான் இல்லை. பனி இறங்கித் தேயிலைத் தோட்டத்தை மூடிக்கொண்டிருந்தது. அம்மா அந்த அமைதியைப் பார்த்து, நல்ல துணி எடுத்த திருப்தியோடு தலையாட்டினாள்.

காலையில் நான் எழுந்து வந்தபோது அப்பா வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். கண்கள் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன. பொட்டுத் தூக்கம் இல்லை. எங்கேயோ இன்னும் ஒரு சத்தம் மிச்சம் இருக்கிறது, அதுதான் அவரைத் தூங்கவிடவில்லை என்று அம்மா முடிவு கட்டினாள். தேடித் தேடி ஒவ்வொன்றாக ஒழித்தாள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி ஒரு துண்டில் சுற்றி வைத்தாள். குக்கரைத் தொடாமல் சோற்றைச் சட்டியில் வடித்தாள். சொட்டுகிற குழாய்க்குத் துணி கட்டினாள். என் கொலுசைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டாள். அப்பாவும் சும்மா இருக்கமாட்டாமல் பங்களாக் காவல்காரரிடம் எண்ணெய் கேட்டு வாங்கி, கிறீச்சிட்ட கதவுகளுக்கெல்லாம் விட்டார். அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே சத்தத்தையும் அவர் தன் கையாலேயே தீர்த்துவைத்தார்.

வீடு ஊமையாக ஊமையாக அப்பாவின் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. படுப்பார், கண் மூடுவார், உடனே யாரோ தட்டியதுபோல எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

"ஏனுங்க, கண்ண மூடிப் படுங்க."

"படுத்துத்தான புள்ள இருக்கறேன்."

"அப்பறம் ஏன் முழிச்சுக்கிட்டே இருக்கறீங்க?"

"ஒண்ணுமே கேக்க மாட்டீங்குது புள்ள."

"கேக்கக் கூடாதுன்னுதானுங்க இத்தன தூரம் வந்திருக்கறம்!"

அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பாள். அவளுக்கு நாடி பார்க்கத் தெரியாது, ஆனாலும் பார்ப்பாள். அம்மாவின் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. எனக்குச் சடை பின்னும்போதும் அவை விறைத்துக்கொண்டு தனியாக நிற்கும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அம்மாவின் கை என்றால் அப்படித்தான் இருக்கும் என்பதற்கு மேல் நான் அதைப் பற்றி யோசித்ததில்லை.

மறுநாள் மத்தியானம் அப்பாவைக் காணவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர். அம்மா பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் கட்டில் காலி. செருப்பு மட்டும் வாசல் படியில் இருந்தது. அந்தச் செருப்பைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறியது.

"செருப்புக்கூடப் போடாம எங்க போனாரு?" என்றாள் என்னைப் பார்த்து. பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

எங்கள் பக்கத்தில் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. 'ஏனுங்க' என்பதுதான் பெயர். வீட்டில் ஓர் ஆளைக் கூப்பிட அது போதும். ஒரு மலைக்கே கேட்கிற மாதிரி கூப்பிட அது போதாது. அம்மா தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டே, "ஏனுங்க! ஏனுங்க!" என்று தறிக்குடோன் தொண்டையில் கத்தினாள். ரோட்டில் சைக்கிளில் போனவர் இறங்கி, "என்னங்கம்மா?" என்றார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். விறகு சுமந்து வந்த ஒரு பெரியவர் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு, "என்னையா தாயி கூப்பிட்டே?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

ஒரு வளைவில் அம்மா மூச்சு வாங்க நின்றாள். கீழே பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். வெறும் பெயர், பின்னால் 'ங்க'கூட இல்லை. அவள் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டது அன்றுதான். கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது, அழ ஆரம்பித்தேன்.

பதில் இல்லை. ஆனால் அந்த வளைவில் நின்றபோது காற்றோடு வேறு ஒன்று வந்தது. அடிவயிற்றில் அதிர்கிற மாதிரி ஒரு கடகடப்பு. அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். மறு பேச்சில்லாமல் அந்தத் திசையில் சரிவில் இறங்கினாள்.

வளைவுக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரி இருந்தது. கொழுந்தை உருட்டுகிற மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. தரை அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி நடுங்கியது, பச்சை வாசம் மூக்கில் ஏறியது. சுவரோரமாகக் கிடந்த சாக்குக் குவியலின்மேல் அப்பா மல்லாந்து கிடந்தார்.

அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். அடுத்த தடவை விழுந்துடுவீங்க என்று டாக்டர் சொன்னதுதான் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பிறகு மெல்ல நடந்து போய், குனிந்து, அவர் நெஞ்சில் கையை வைத்தாள். வாய் பிளந்திருந்தது. வயிறு நிதானமாக ஏறி இறங்கியது. அப்பா குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தக் குறட்டை எங்களுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். நல்லவேளையாக எங்கள் பக்கத்து ஆள். "உங்க ஊட்டுக்காரருங்களா? மிசின் சத்தம் கேட்டு வந்தேன், சித்த நேரம் உக்காந்துக்கட்டுமான்னாருங்க. உக்காந்தவரு அப்படியே சாஞ்சுபோட்டாரு. எழுப்பிடட்டுங்களா?"

"ஐயோ, வேண்டாங்க," என்றாள் அம்மா. "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், மிசினை மட்டும் நிறுத்திப்போடாதீங்க."

சொல்லிவிட்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தன் இடது கையை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். அப்பா கண் திறக்காமலே விரல்களை மடக்கி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். சற்று நேரத்தில் அம்மாவின் தலையும் சரிந்தது. அந்த இரைச்சலில் இரண்டு பேரும் குழந்தைகளாகத் தூங்கினார்கள். சூப்பர்வைசர் எனக்கு ஒரு டம்ளர் டீயும் வர்க்கி பிஸ்கட்டும் கொடுத்து ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்.

மிச்ச நாளெல்லாம் எங்கள் டூர் அந்த ஃபேக்டரியில்தான் நடந்தது. காலையில் சோற்றைக் கட்டிக்கொண்டு கிளம்புவோம், பொழுது சாய்ந்ததும் திரும்புவோம். ஊர் திரும்பியதும் டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, "பார்த்தீங்களா, சத்தமில்லாத இடத்துக்குப் போனா எவ்வளவு குணம்!" என்றார். அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க," என்றார்கள்.

லீவு முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். எங்கள் அப்பாவுக்கு எங்களைவிட மெஷின்தான் பிடிக்கும் என்று நம்பினேன்.

எனக்குக் கல்யாணமாகி நெடுநாள் கழித்து ஒருமுறை மாமாவிடம், தறிக்கார வீடுகளில் கரண்ட் போனால் எல்லோரும் எழுந்துகொள்வதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா என்னை வினோதமாகப் பார்த்தார். "எந்த ஊட்லயும் எந்திரிக்க மாட்டாங்க கண்ணு. கரண்ட் போயிருச்சுன்னு பொரண்டு படுத்துக்குவாங்க. உங்க ஊட்ல மட்டுந்தான் எந்திரிப்பீங்க."

பிறகு சொன்னார். நான் பிறப்பதற்கு முன்பு அம்மாவும் தறி ஓட்டியிருக்கிறாள். ஒரு மத்தியானம் மோட்டார் பெல்ட்டில் முந்தானை மாட்டி, அதை இழுக்கப் போன இடது கையும் மாட்டிக்கொண்டது. யாரோ ஓடிப்போய் மெயினை அணைத்தார்கள். எல்லாத் தறியும் ஒன்றாக நின்றது. சுவருக்கு இந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்த அப்பா அரைத் தூக்கத்தில் கண் திறந்து, கரண்ட் போயிருக்கிறது என்று நினைத்து, புரண்டு படுத்துக்கொண்டார். ஆள் வந்து உலுக்கி எழுப்பும்வரை நன்றாகத் தூங்கியிருக்கிறார்.

கோத்தகிரியில் அப்பா படுத்த கட்டிலைச் சுற்றி எல்லாத் தறியும் நின்றுபோய்த்தான் இருந்தது. அந்த அமைதியை நாங்கள்தான் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்தோம். அம்மாவுக்கேகூட அது வளைவில் நின்று அந்தக் கடகடப்பைக் கேட்டபோதுதான் புரிந்திருக்க வேண்டும். அதனால்தான் அந்தக் கையை எடுத்து, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, நானும் நன்றாக இருக்கிறேன் என்று சொல்வதுபோல அவர் கைக்குள் வைத்தாள்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டு, இவர்கள் இப்படித் தூங்கினால் நம்மை யார் ஊட்டிக்குப் படகு சவாரிக்குக் கூட்டிப்போவது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.