வீடு பார்க்க வந்த அத்தை

போன வருஷம் ஐப்பசி மாசம், மழை விட்டும் விடாமலும் பெஞ்சுக்கிட்டு இருந்த சமயம். தச்சநல்லூர்ல நாங்க குடியிருக்கிற மாடி வீட்டுல, வெயில் தலை காட்டின நேரம் பார்த்து துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். கீழ கேட்டைத் திறந்துக்கிட்டு ஒரு அம்மா உள்ள வந்தாங்க. பட்டுச் சேலை, தலை நிறைய பிச்சிப்பூ. என்னை அண்ணாந்து பார்த்து, “இங்கன வீடு ஏதும் காலியா இருக்கா?”ன்னு கேட்டாங்க.

வாடகை வீடு பார்க்க எவளாவது பட்டு கட்டிக்கிட்டு வருவாளா? எனக்குச் சிரிப்பு வந்துட்டு. பொண்ணைப் பத்தி அக்கம்பக்கத்துல விசாரிக்க வாரவங்க வீடு தேடுற மாதிரி வர்றது நம்ம பக்கம் ஊரறிஞ்ச தந்திரம்தானே. கீழ்வீட்டுப் பொண்ணுக்காகத்தான் வந்திருக்காங்கன்னு புரிஞ்சதும், சிரிப்பு நின்னுபோச்சு.

அந்தப் பொண்ணு ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கா. தகப்பன் இல்ல. அம்மாவும் அவளும் மட்டும்தான். அவளுக்கு வலிப்பு உண்டு. சில வருஷத்துக்கு முன்னால ஒரு சாயங்காலம் தண்ணி மோட்டார் பக்கத்துல விழுந்து கிடந்தவள நான்தான் பார்த்து ஆட்டோவுல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நான் நர்ஸ் வேலை பார்த்தவ. அதுக்கப்புறம் மாத்திரையை ஒழுங்கா போட்டுக்கிட்டு நல்லாத்தான் இருக்கா. கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெத்துக்கிடலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. ஆனா அவ அம்மாவுக்கு அதை வெளிய சொல்ல உசுரே போகும். முந்தின நாள்தான் மாடிக்கு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, “அக்கா, அம்பாசமுத்திரத்துல இருந்து வரன் வந்திருக்கு. யாராவது விசாரிச்சு வந்தா நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க. அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம்”னு அழுதிருந்தா. நான் சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல.

இங்க கொஞ்சம் என் கதையும் சொல்லணும். நான் உவரிக்காரி. வீட்டுக் கஷ்டத்துக்காக இஸ்ரேலுக்குப் போயி, ஒரு யூதக் குடும்பத்துல படுக்கையில கிடந்த ஒரு அம்மாவைப் பார்த்துக்கிடுற வேலை செஞ்சேன். அந்த அம்மாவோட மகளுக்கு என் வயசுதான். வெள்ளிக்கிழமை பொழுது சாயுறதுக்குள்ள ஓய்வு நாளுக்கான சமையல் எல்லாத்தையும் முடிக்கணும்னு குசினியில ரெண்டு பேரும் ஓட்டமா ஓடுவோம். அப்படி ஒருநாள் நான், “எனக்கு முன்னால இருந்தவ உங்கம்மாவை என்ன லட்சணத்துல பார்த்தாளோ, முதுகெல்லாம் புண்ணு”ன்னேன். அவ வெங்காயம் நறுக்குறதை நிறுத்திட்டா. “அவ இங்க இல்லையே, அவளுக்காக யாரு பதில் சொல்லுவா?”ன்னு கேட்டா.

எனக்குச் சுருக்குனு கோவம் வந்துட்டு. “நான் பொய்யா சொல்லுதேன்? உண்மையைத்தானே சொன்னேன்!” அவ சிரிச்சா. இல்லாத ஆளைப் பத்திக் குறை பேசக்கூடாதுன்னு அவங்க மதத்துல இருக்கிற கட்டுப்பாடே உண்மைக்குத்தானாம். பொய் சொல்லுறது அதைவிட மோசமான வேற பாவமாம். ஆனா அத்தோட விட்டாளா? இன்னொருத்தருக்குக் கெடுதல் வரப்போகுதுன்னு தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு நிக்கக்கூடாதுன்னும் அவங்க வேதம் சொல்லுதாம். அதுவும் புறம் பேசாதேங்கிற கட்டளைக்குப் பக்கத்துலயே இருக்காம். “இதென்ன வம்பா இருக்கு, பேசவும் கூடாது, பேசாம இருக்கவும் கூடாதுன்னா?”ன்னு கேட்டேன். அதுக்குத்தான் அவங்க பெரியவங்க உட்கார்ந்து முறை வகுத்து வச்சிருக்காங்களாம். கண்ணால கண்டதை மட்டும் சொல்லணும். ஒரு சொட்டு கூட்டிச் சொல்லக்கூடாது. சொல்லுறதால யாருக்காவது நிஜமாவே பிரயோசனம் இருக்கணும். வேற வழி இருந்தா அந்த வழியிலதான் போகணும்.

அவ வெறும் பேச்சுக்காரி இல்ல. கொஞ்ச நாள் கழிச்சு, அந்தப் பழைய ஆளை வேற வீட்டுல வேலைக்குச் சேர்க்கிறதுக்காக ஏஜென்சியில இருந்து விசாரிச்சு போன் வந்துச்சு. இவ உடனே பதில் சொல்லல. முதல்ல அந்தப் பொண்ணையே கூப்பிட்டு, “இப்படிக் கேக்காங்க, நான் இதைச் சொல்லப்போறேன், சரியா?”ன்னு கேட்டா. பிறகுதான் ஏஜென்சிக்கு, “அவங்க அன்பானவங்க, ஆனா இடுப்பு வலி உண்டு, ஆளைத் தூக்கிப் புரட்ட முடியாது, நடமாடுற ஆளைப் பார்த்துக்கிட அனுப்புங்க”ன்னு சொன்னா. சோம்பேறின்னு நான் முடிவு கட்டி வச்சிருந்தவளுக்கு இடுப்பு வலி! அந்தப் பொண்ணுக்கு வேலையும் கிடைச்சுது. “அவங்களைப் பத்தி எங்கிட்ட கேக்காதீங்கன்னு நீ தப்பிச்சிருக்கலாமே”ன்னு கேட்டேன். அதுதான் ரொம்பக் கொடுமை, கேக்குறவங்க தானா ஒரு பூதத்தைக் கற்பனை பண்ணிக்கிடுவாங்கன்னா.

அதெல்லாம் அந்த மொட்டை மாடியில நின்னப்போ எனக்குள்ள ஓடிச்சு. “வீடு காலியில்லம்மா, ஆனா மேல வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போலாம்”னேன். மாப்பிள்ளைக்குத் தாய் தகப்பன் கிடையாது, இந்த அத்தைதான் தூக்கி வளர்த்ததுன்னு காப்பி ஆறுறதுக்குள்ள தெரிஞ்சுபோச்சு. வீடு தேடுற நாடகத்தை அவங்களே மறந்துட்டாங்க. “கீழ்வீட்டுப் பிள்ள எப்படிம்மா?”ன்னு நேராவே கேட்டுட்டாங்க.

நான் கண்ணால கண்டதைச் சொன்னேன். எனக்குக் காய்ச்சல் வந்தப்போ கஞ்சி வச்சுக் கொடுத்தது, படிப்பு ஏறாத பிள்ளைகளை வீட்டுல உட்கார வச்சுச் சொல்லிக் கொடுக்கிறது, கோவம் வந்தா மூஞ்சி செவக்குமே தவிர ஒரு வார்த்தை தடிச்சு வராதது. அந்த அத்தை என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு, “வேற ஒண்ணும் இல்லையே?”ன்னாங்க. சேசுவே! இல்லைன்னா பொய். உண்டுன்னா அவ வாழ்க்கையை அவ இல்லாத இடத்துல நான் பேசி முடிச்சதாகும். “அம்மா, எந்தப் பொண்ணைக் கட்டுறதா இருந்தாலும் பையனும் பொண்ணும் உட்கார்ந்து மனசு விட்டுப் பேசணும். எம்மகனுக்குப் பார்த்தாலும் நான் இதைத்தான் சொல்லுவேன்”னேன். அவங்க தலையாட்டிட்டுப் போயிட்டாங்க.

சாயங்காலம் பள்ளிக்கூடத்துல இருந்து வந்தவளை, “ஏட்டி, இங்கன வா”ன்னு மாடிக்குக் கூப்பிட்டேன். நடந்ததையும், இஸ்ரேல்ல அந்தத் தோழி சொன்ன முறையையும் சொன்னேன். “நான் உன் வலிப்பைப் பத்தி வெளிய வாய் திறக்கல. ஆனா நிச்சயத்துக்கு முன்னால நீயே அந்தப் பையன்கிட்டச் சொல்லிரு. நீ சொல்லாம நிச்சயத்துக்குத் தேதி குறிச்சா, என்னால சும்மா இருக்க முடியாது. அதையும் உங்கிட்டதான் முதல்ல சொல்லுதேன்”னேன். அந்தப் பிள்ள தலையைக் குனிஞ்சுக்கிட்டு இறங்கிப் போச்சு.

அரை மணி நேரத்துல அவ அம்மா வந்தா பாருங்க! “எவளோ வெள்ளைக்காரி சொன்னான்னு எம்பிள்ள வாழ்க்கையில விளையாடுதீங்களா? நல்லா இருப்பீங்களா?”ன்னு வாசல்ல நின்னு கத்தினா. நான் பதிலுக்குக் கத்தல. கத்துறதுல நானும் லேசுப்பட்டவ இல்ல, ஆனா அன்னைக்கு உள்ள போயி அழுதேன். அவ சொன்னதுலயும் நியாயம் இருக்கே, அந்த ஊரு முறை இந்த ஊருக்குச் சரிப்படுமா? இந்த வரன் தட்டிப்போனா, தெருவுல நாலு பேரு பேசினா, அந்தப் பிள்ள என்ன ஆகும்? ஆனா ஆஸ்பத்திரியில நான் பார்த்தது வேற. புருஷன் வீட்டுல மாத்திரையை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சு, யாரும் பார்த்துருவாங்களோன்னு பயந்து நிறுத்திட்டு, அடுப்படியில விழுந்து வெந்துபோயி வந்த புதுப்பொண்ணுங்களுக்கு நான் மருந்து வச்சுக் கட்டியிருக்கேன். இவ அப்படி வந்துரக்கூடாது. எனக்கு அதுதான் பயம், வேற ஒண்ணும் இல்ல.

அம்மாக்காரி என்னோட பேசுறதை நிறுத்திட்டா. படியில எதிரே வந்தா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. ஒரு வாரம் போயிருக்கும், பொண்ணு மட்டும் காலையில மேல வந்துச்சு. கண்ணு வீங்கியிருந்துச்சு. “நானே சொல்லுதேன் அத்தை. அவருக்குப் போன் பண்ணி இன்னைக்கே வரச்சொல்லிட்டேன். ஆனா நீங்க கூட வரணும்”னு சொல்லுச்சு. “வராம?”ன்னு கேட்டுட்டு அப்பவே சேலை மாத்தக் கிளம்பினேன்.

குறுக்குத்துறையில முருகன் கோயிலுக்குப் பக்கத்துல படித்துறை. தாமிரபரணியில செந்தண்ணி ஓடிக்கிட்டு இருந்துச்சு. பையன் வந்திருந்தாரு, கூடவே அத்தையும். பையன் டிராக்டர் பழுது பார்க்குற பட்டறை வச்சிருக்கவரு, நகக்கண்ணுல கிரீஸ் கறை அப்படியே இருந்துச்சு. நான் ஒதுங்கி உட்காரப் பார்த்தேன், இவ என் கையை விடல. “எனக்கு வலிப்பு இருக்கு. மாத்திரை போடுதேன். இப்போ வர்றதில்ல. இனிமே வரவே வராதுன்னு என்னால சொல்ல முடியாது”ன்னு அவரைப் பார்த்தே சொன்னா. ஆத்தாடி, எம்புட்டுத் தைரியம் அந்தப் பிள்ளைக்கு!

அவரு வாயைத் திறக்குறதுக்கு முன்னாலயே அத்தை நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு, “இதானா?”ன்னு ஒரு மூச்சு விட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. பிறகுதான் சொன்னாங்க. அன்னைக்கு எங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னால தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சிகிட்ட விசாரிச்சிருக்காங்க. அவரு பாவம், இந்தக் குடும்பத்து மேல உசுரையே வச்சிருக்கவரு. அம்மாக்காரி அவர்கிட்டயும் யாருட்டயும் எதுவும் சொல்லிராதீங்கன்னு கெஞ்சி வச்சிருந்திருக்கா. அந்த மனுஷன் பதறிப்போயி, “அந்தப் பிள்ளையைப் பத்தி எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க தாயி, நமக்கெதுக்கு அந்தப் பேச்சு”ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாராம்.

“வேற எவன் கூடயோ தொடுப்பு இருக்கு, அதான் மறைக்காவன்னு நினைச்சுட்டேன்மா. நாளைக்கு வேண்டாம்னு சொல்லிவிட இருந்தோம். பொண்ணே கூப்பிடுதாளேன்னுதான் வந்தோம்”னாங்க அத்தை. காப்பாத்தணும்னு எல்லாரும் சேர்ந்து மூடின வாய், அவ மேல இல்லாத பழியைப் போட்டு வச்சிருக்கு.

அந்தப் பையன், அதுவரைக்கும் தண்ணியைப் பார்த்துக்கிட்டே இருந்தவரு, திரும்பி என்னைப் பார்த்து, “வந்தா நான் என்ன செய்யணும்?”னு கேட்டாரு.

அவ்வளவுதான், இவ அழ ஆரம்பிச்சுட்டா. நானும்தான். அத்தை முந்திக்கிட்டு, “இரும்புச் சாவியைக் கையில குடுக்கணும்லா?”ன்னாங்க. “ஏ யம்மா, சாவியும் வேண்டாம் பூட்டும் வேண்டாம், நீங்க சும்மா இருங்க!”ன்னு அதட்டிட்டேன். என் சால்வையை மடிச்சுத் தலைக்கு வச்சு, ஒருச்சாய்ச்சுப் படுக்க வைக்கணும், வாயில எதையும் திணிக்கக்கூடாது, பக்கத்துலயே இருக்கணும், சீக்கிரம் நிக்காட்டா ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்னு அந்தப் படியிலயே செஞ்சு காட்டினேன். நோயாளியா படுத்துக் காட்டினது யாருங்கீங்க? பட்டுச் சேலை அத்தைதான். குளிக்க வந்தவங்க எல்லாம் எங்களை வேடிக்கை பார்த்தாங்க.

அங்கேயே சரின்னு சொல்லிரல. டாக்டரைப் பார்த்து எல்லாத்தையும் கேட்டாங்க, கொஞ்ச நாள் யோசிச்சாங்க. தை மாசம் கல்யாணம் நடந்துச்சு. மறுநாள் மாப்பிள்ளை விருந்துக்குத் தேங்காப்பால் சொதி வச்ச அம்மாக்காரி, பந்தி போடுறதுக்கு முன்னாலயே ஒரு தூக்குவாளி நிறைய எடுத்துக்கிட்டு மாடி ஏறி வந்தா. “சூடா சாப்பிடுங்க அக்கா”ன்னா. மன்னிப்பு எல்லாம் கேக்கல. எனக்கும் வேண்டியிருக்கல, ரெண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கிட்டே சிரிச்சோம்.

போன் பண்ணி அந்த வெள்ளிக்கிழமைத் தோழிகிட்ட ஆசையா கதையை ஆரம்பிச்சேன். “நிறுத்து, இதைச் சொல்லலாம்னு அந்தப் பொண்ணு சம்மதிச்சாளா?”ன்னு கேட்டா மகராசி! கேட்டுட்டுத்தான் சொல்லுதேன்னேன். இதை எழுதுறதுக்கும் கேட்டேன். “எழுதுங்க அத்தை, பேரு மட்டும் வேண்டாம்”னுட்டா.

போன மாசம் அம்பாசமுத்திரத்துக்கு அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும், வாசல்ல கை கழுவிக்கிட்டு இருந்த மாப்பிள்ளை அங்க இருந்தே, “ஏளா, மாத்திரை போட்டியா?”ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சத்தம் போட்டாரு. அரிசிப் பானைக்குள்ள ஒளிஞ்சிருக்க வேண்டிய ஒரு விஷயத்தை இவ்வளவு உரிமையா, சத்தமா கேக்க ஒரு ஆளு அவளுக்குக் கிடைச்சதை நினைக்கும்போதெல்லாம், இன்னொருத்தரைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாலயும் பேசாம இருக்கிறதுக்கு முன்னாலயும் நான் இப்போ ரெண்டு தடவை யோசிக்கேன்.